காலையில் மட்டும் அடம் பிடிக்கும் பழைய டிராக்டர்: பம்ப்பை இறக்கும் முன் பார்க்க வேண்டியவை

கேள்வி: என்னிடம் இருப்பது மூன்று சிலிண்டர் டிராக்டர், 25 வருடப் பழசு. காலையில் முதல் ஸ்டார்ட்டுக்குப் பத்துப் பன்னிரண்டு முறை செல்ஃப் அடிக்க வேண்டியிருக்கிறது. முதலில் சைலன்சரில் புகையே வராது, அப்புறம் கொஞ்சம் வெள்ளைப் புகை வந்து, விட்டு விட்டு அடித்து ஒரு வழியாகப் பிடிக்கும். பிடித்துவிட்டால் நாள் முழுக்க நன்றாக ஓடுகிறது, நிறுத்திப் போட்டால் உடனே பிடிக்கிறது. டேங்க் நிறைய டீசல் இருந்தால் காலையிலும் கொஞ்சம் தேவலை. புது பேட்டரி போட்டும் பலன் இல்லை. இப்போதைக்குச் சரிவில் நிறுத்தி உருட்டித்தான் ஸ்டார்ட் செய்கிறேன். மெக்கானிக், டீசலை அழுத்திச் சிலிண்டருக்கு அனுப்பும் பம்ப்பைக் கழற்றி இறக்க வேண்டும் என்கிறார். இறக்கலாமா?

பதில்: இப்போதைக்கு இறக்காதீர்கள். உங்கள் கேள்வியிலேயே பாதி பதில் இருக்கிறது, மூன்று இடத்தில்.

ஒன்று, முதலில் புகையே வரவில்லை என்கிறீர்கள். டீசல் இன்ஜினில் தீப்பொறி கிடையாது. காற்றை 16 முதல் 20 மடங்கு வரை அழுத்தி, அந்தச் சூட்டிலேயே டீசல் பற்றிக்கொள்கிறது. இன்ஜின் சுற்றும்போது டீசல் உள்ளே போய், ஆனால் எரியாமல் வெளியே வந்தால் அது வெள்ளைப் புகையாகத் தெரியும். புகையே இல்லை என்றால் டீசல் சிலிண்டர் வரைக்கும் போய்ச் சேரவே இல்லை. உங்களுக்கு முதல் சில செல்ஃப் வரைக்கும் டீசல் இன்னும் வழியில்தான் இருக்கிறது, அதாவது லைனில் எங்கேயோ காலியாகக் கிடந்த இடத்தை நிரப்பிக்கொண்டு வருகிறது.

இரண்டு, சூடான பிறகு உடனே பிடிக்கிறது. பம்ப் தேய்ந்த வண்டி பெரும்பாலும் இதற்கு நேர் எதிராக நடந்துகொள்ளும். காலையில் ஓரளவு பிடித்துவிடும், மதியம் வேலைக்கு நடுவில் நிறுத்தினால் ஆறும் வரைக்கும் பிடிக்காது. சூட்டில் டீசல் நீர்த்துப்போய், தேய்ந்த இடைவெளி வழியாகக் கசிந்துவிடும், சிலிண்டருக்குள் டீசலைப் பீய்ச்சும் நாசிலைத் திறக்கும் அளவுக்கு அழுத்தம் ஏறாது. அப்படிப்பட்ட வண்டிக்கு ஈரத்துணியைப் பம்ப் மேல் போட்டுக் கொஞ்சம் ஆற வைத்ததும் ஸ்டார்ட் ஆனால், பம்ப்பைச் சந்தேகப்பட நல்ல காரணம் இருக்கிறது. உங்கள் வண்டி அந்த வகை இல்லை.

மூன்று, டேங்க் நிறைந்திருந்தால் தேவலை. இதுதான் எனக்கு ரொம்ப உதவியான குறிப்பு. டேங்க்கில் டீசல் மட்டம் ஃபில்டருக்குக் கீழே இறங்கும்போது, இடையில் எங்காவது நூல் அளவு சந்து இருந்தாலும் இரவெல்லாம் காற்று உள்ளே நுழைந்து, டீசல் மெதுவாக டேங்க்குக்கே திரும்பிப் போய்விடும். வெளியே ஒரு சொட்டுக்கூட ஒழுகாது, ஏனென்றால் ஒழுகுவதற்குப் பதிலாக அந்த இடம் காற்றை உறிஞ்சுகிறது. ஒழுகலைத் தேடுகிறவர்கள் இதைக் கண்டுபிடிக்க முடியாமல் போவது இதனால்தான்.

நாளைக் காலையில் ஒரு சோதனை செய்யுங்கள், செலவே இல்லை. சாவியைத் தொடும் முன், டேங்க்கிலிருந்து டீசலை இழுத்துக் கொடுக்கும் சின்ன ஃபீட் பம்ப்பில் இருக்கும் கை பிரைமரை (கையால் அடித்து டீசலை ஏற்றும் பிடி) இருபது முப்பது முறை அடியுங்கள். முதலில் லொடலொடவென்று போய், பிறகு கையில் இறுக்கம் தெரியும். அந்த இறுக்கம் வந்த பிறகு செல்ஃப் அடித்து, ஒன்றிரண்டு முயற்சியில் பிடித்துவிட்டால், கோளாறு டேங்க்குக்கும் பம்ப்புக்கும் நடுவில்தான் என்று வைத்துக்கொள்ளலாம்.

அப்புறம் காற்று நுழையும் அந்த இடைவெளியைத் தேட வேண்டும். டேங்க்கிலிருந்து வரும் ரப்பர் டியூப்பை வளைத்துப் பாருங்கள், வெடிப்பு இருந்தால் யோசிக்காமல் மாற்றிவிடுங்கள், சின்ன டியூப்தான். தண்ணீர் சேரும் கிண்ணத்தின் ரப்பர் வளையம், ஃபில்டர் தலையில் இருக்கும் வளையம், குழாய் சேரும் ஒவ்வொரு போல்ட்டுக்கும் இருபுறமும் உள்ள காப்பர் வாஷர், இவைதான் வழக்கமான இடங்கள். காப்பர் வாஷரைப் பலமுறை முறுக்கினால் கெட்டியாகி உட்காராது. புதுசு கைவசம் இல்லையென்றால் பழசைச் சிவக்கக் காய்ச்சி ஆறவிட்டால் திரும்ப மென்மையாகும். ஒரு வண்டியில் மூன்று நாள் தேடி, கடைசியில் ஃபில்டர் மாற்றியபோது பழைய ரப்பர் வளையத்தை எடுக்காமல் அதன் மேலேயே புதியதை வைத்து முறுக்கியிருந்ததைக் கண்டேன். அதனால் நீங்கள் கடைசியாக எதைக் கழற்றி மாட்டினீர்களோ, அங்கிருந்து தேட ஆரம்பியுங்கள்.

கண்ணில் படவில்லையா? ஃபில்டருக்குப் பிறகு ஓர் அடி நீளத்துக்குக் கண்ணாடி போல் தெரியும் டீசல் டியூப்பைத் தற்காலிகமாகப் போடுங்கள். வண்டி ஓடும்போது அதில் குமிழி ஓடினால் காற்று நுழைகிறது. டியூப்பை ஒவ்வொரு இணைப்பாக டேங்க் பக்கம் நகர்த்திக்கொண்டே போனால், குமிழி நின்றுபோகும் இடத்துக்கும் கடைசியாகக் குமிழி தெரிந்த இடத்துக்கும் நடுவில் உள்ள இணைப்புதான் குற்றவாளி. ஃபீட் பம்ப்புக்குள் இருக்கும் சின்ன வால்வில் தூசி சிக்கினாலும் டீசல் திரும்பிப் போகும், அதையும் கழற்றிக் கழுவுங்கள். சிலர் நடுவில் ஒருவழி வால்வு ஒன்றை மாட்டிச் சமாளிக்கிறார்கள், எனக்கு அதில் உடன்பாடில்லை. காற்று நுழையும் ஓட்டை அப்படியே இருக்கும், வேலை செய்யும்போது ஒரு நாள் பாதியில் நிறுத்திவிடும்.

சரி செய்த பிறகு ஏர் எடுக்க வேண்டும், அதாவது லைனில் சிக்கிய காற்றை வெளியேற்ற வேண்டும். முதலில் ஃபில்டர் மேல் உள்ள ஸ்க்ரூவைத் தளர்த்தி, குமிழி இல்லாமல் டீசல் வரும்வரை பிரைமர் அடித்து, டீசல் வந்துகொண்டிருக்கும்போதே முறுக்குங்கள். அடுத்து பம்ப்பில் உள்ள ஸ்க்ரூ. அதற்கும் பிடிக்கவில்லை என்றால் மட்டும் நாசில் பக்கம் உள்ள நட்டுகளை ஒரு சுற்று தளர்த்தி செல்ஃப் அடியுங்கள். நாசில் பீய்ச்சும் இடத்திலோ, விரிசல் விட்ட அழுத்தக் குழாயிலோ விரலை வைக்காதீர்கள். அங்கே 200 பார் அளவுக்கு அழுத்தம் இருக்கும், டீசல் தோலைத் துளைத்து உள்ளே போய்விடும். ஊசி குத்தியது போல்தான் தெரியும், ஆனால் உடனே மருத்துவமனைக்குப் போகாவிட்டால் விரலையே எடுக்கும் நிலை வரலாம். கசிவைப் பார்க்க அட்டையைப் பிடித்துப் பாருங்கள்.

இப்போது மின்சாரப் பக்கம். புது பேட்டரி போட்டதால் அது முடிந்துவிட்டது என்று நினைக்க வேண்டாம். இன்ஜின் மெதுவாகச் சுற்றினால் அழுத்திய காற்றின் சூடு சுவரிலேயே போய்விடும், டீசல் சரியாக வந்தாலும் பற்றாது. பத்துப் பன்னிரண்டு முறை அடித்து அடித்தே புது பேட்டரியும் வலுவிழந்திருக்கலாம். மல்டிமீட்டர் வைத்துப் பாருங்கள்: சும்மா இருக்கும்போது 12.6 வோல்ட் இருந்தால் முழு சார்ஜ், செல்ஃப் அடிக்கும்போது 9.6க்குக் கீழே போகக் கூடாது. அப்புறம் ஒரு முனையை பேட்டரியின் மைனஸ் கம்பத்திலும் மறு முனையை இன்ஜின் பிளாக்கிலும் வைத்து செல்ஃப் அடிக்கச் சொல்லுங்கள், அரை வோல்ட்டைத் தாண்டினால் எர்த் வயரோ அது உட்காரும் இடமோ சரியில்லை, துருவையும் பெயின்ட்டையும் சுரண்டி மாட்டுங்கள். பழைய வண்டிகளில் இந்த எர்த்தை யாரும் திரும்பிப் பார்ப்பதே இல்லை. செல்ஃப் ஒரு தடவைக்கு 10, 15 வினாடி போதும், நடுவே இரண்டு நிமிடம் ஆறவிடுங்கள், இல்லையென்றால் மோட்டார் வெந்துபோகும். ஸ்டார்ட் செய்யும்போது கியரை நியூட்ரலில் வைத்து கிளட்ச்சை மிதித்தே அடியுங்கள், குளிர்ந்து கெட்டியான கியர் ஆயிலையும் சேர்த்துச் சுற்றும் பாரம் குறையும். ஸ்டாப் நாபைத் தள்ளியதும் பம்ப்பில் உள்ள கைப்பிடி முழுசாகத் திரும்பி வருகிறதா என்பதையும் ஒரு முறை பாருங்கள்.

பிரைமர் அடித்தும் பலன் இல்லாமல், முதல் சுற்றிலிருந்தே வெள்ளைப் புகை வந்து பிடிக்கவில்லை என்றால் கதை வேறு. அப்போது ஸ்டார்ட் செய்யும் முன் உள்ளே சூடாக்கும் ஹீட்டர் வேலை செய்கிறதா, வால்வைத் திறக்கும் டேப்பட்டின் இடைவெளி சரியா, பிஸ்டனைச் சுற்றியுள்ள ரிங் தேய்ந்துவிட்டதா என்று பார்க்க வேண்டும். ஓடும்போது ஆயில் ஊற்றும் மூடியைத் திறந்தால் புகை குப்குப்பென்று வந்தால் ரிங்கைச் சந்தேகப்படலாம். அந்த நிலையிலும் சீக்கிரம் பற்ற வைக்கக் காற்று வழியில் அடிக்கும் ஈதர் ஸ்பிரே மட்டும் அடிக்காதீர்கள். ஹீட்டர் உள்ள வண்டியில் அது வெடிக்கும், இல்லாத வண்டியிலும் நேரம் தவறிப் பற்றி பிஸ்டனையும் ரிங்கையும் உடைக்கும்.

சரிவில் உருட்டுவதைத் தயவுசெய்து நிறுத்துங்கள். இன்ஜின் பிடிக்காவிட்டால் ஹைட்ராலிக் ஸ்டீயரிங் உள்ள வண்டியில் ஸ்டீயரிங் இறுகிப்போய்த் திருப்புவது ரொம்பக் கஷ்டமாகிவிடும், கீழே யார் நிற்கிறார்கள் என்பதும் நம் கையில் இல்லை. அதைவிட ஆபத்தானது, கீழே நின்றுகொண்டு ஸ்க்ரூடிரைவரால் செல்ஃப் மோட்டாரைத் தொட்டு ஸ்டார்ட் செய்வது. கியரில் இருந்தால் பின் சக்கரம் நிற்கிறவர் மேலேயே ஏறும்.

நாளைக் காலையில் பிரைமர் அடித்த பிறகு எத்தனை செல்ஃபில் பிடித்தது, முதல் சுற்றில் புகை வந்ததா, வந்திருந்தால் என்ன நிறம் என்று எழுதுங்கள். அதை வைத்து அடுத்து எதைக் கழற்றலாம் என்று சொல்கிறேன்.