ஐந்தாம் ஈற்றுப் பசுவை வாங்கலாமா?

கேள்வி: வீட்டில் ஆறு பேர் இருக்கிறோம். பால் தேவைக்காக மட்டும் ஒரு மாடு வாங்க நினைக்கிறோம். பக்கத்து ஊரில் ஒரு வீட்டில் ஜெர்சி கலப்புப் பசு விலைக்கு இருக்கிறது. கன்று போட்டு இரண்டு மாதம் ஆகிறது, காளைக் கன்று. இரண்டு வேளையும் சேர்த்து ஏழு லிட்டர் கறக்கிறதாம். 38,000 ரூபாய் சொல்கிறார்கள். ஐந்தாம் ஈற்று, அதாவது இது ஐந்தாவது கன்று என்கிறார் வீட்டுக்காரர். ஏழாம் ஈற்றுக்குக் குறையாது, சந்தையில் தலையீற்று மாடாகப் பிடித்துத் தருகிறேன் என்கிறார் தரகர். ‘கன்று போடுகிற அன்றுவரை கறக்கும்’ என்று வீட்டுக்காரர் பெருமையாகச் சொன்னார். கிழட்டு மாட்டை வாங்கி ஏமாந்துவிடுவேனோ என்று பயமாக இருக்கிறது. பல்லைப் பார்த்து வயதைக் கண்டுபிடிப்பது எப்படி?
– தாராபுரம் பக்கத்திலிருந்து ஒரு வாசகி

பதில்: பல் ஓரளவுதான் சொல்லும் அம்மா. ஐந்து வயதுக்குள் எட்டுப் பல்லும் முளைத்துக் கடை சேர்ந்துவிடும். அதற்கு மேல் தேய்மானத்தைப் பார்த்து ஊகிப்பதுதான். கொம்பு வளையத்தையும் நம்ப வேண்டாம், அரத்தால் ராவி அழித்துவிடுவார்கள். ஐந்தாம் ஈற்று என்றாலே எட்டு வயதை ஒட்டி இருக்கும். உங்கள் வீட்டுக்கு அது குறையே இல்லை. மூன்றிலிருந்து ஐந்தாம் ஈற்று வரைதான் பசு நன்றாகக் கறக்கும், பிறகும் மெதுவாகத்தான் இறங்கும். முதல் தடவை மாடு வைக்கிறவர்களுக்குப் பழகிய பசுதான் நல்லது. தலையீற்று மாடு காலைத் தூக்கினால் உங்களால் சமாளிக்க முடியாது. சந்தை மாடு பிடித்தால் தரகருக்குக் கமிஷன், இந்த மாட்டில் அவருக்கு எதுவும் இல்லை. அவர் பேச்சை அந்த அளவில் எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு வேளை கறக்காமல் விட்டு மடியைப் புடைக்க வைத்து விற்கிற வியாபாரிகளும் சந்தையில் உண்டு.

வயதைவிட மடியைப் பாருங்கள். முதல் நாள் மாலையும் மறுநாள் காலையும் கறக்கும்போது கூட இருங்கள். நான்கு காம்பிலும் முதல் பீச்சலைக் கறுப்புத் துணியில் விட்டால் திரி, கட்டி, தண்ணீர்ப் பால் தெரிந்துவிடும். கறந்து முடித்ததும் மடி தளர்ந்து தொங்க வேண்டும். உள்ளே கெட்டியாக ஏதாவது கைக்குத் தட்டுப்பட்டால் பழைய மடிநோய். எவ்வளவு விலை குறைத்தாலும் வேண்டாம். கன்று வீச்சு நோய்க்கு (புரூசெல்லோசிஸ்) ரத்தப் பரிசோதனையும் செய்துவிடுங்கள், அது மனிதருக்கும் தொற்றும்.

உங்கள் கடிதத்தில் எனக்குக் கவலை தந்தது வயதில்லை, ‘கன்று போடுகிற அன்றுவரை கறக்கும்’ என்ற அந்த வார்த்தைதான். இதைப் பெருமையாகச் சொல்கிறவர்களை எங்கும் பார்க்கிறேன். கன்று போடுவதற்கு முன் 60 நாள் பாலை வற்ற விட்டே ஆக வேண்டும். மடியின் பால் சுரக்கும் திசு புதுப்பித்துக்கொள்வது அந்த நாட்களில்தான். சீம்பால் ஊறுவதும் அப்போதுதான். வயிற்றுக் கன்று வேகமாக வளர்வதும் அந்தக் கடைசி இரண்டு மாதத்தில்தான். ஓய்வு கொடுக்காமல் கறந்தால் அடுத்த ஈற்றில் பால் குறையும், அதற்கு வயதைக் குற்றம் சொல்லி அடிமாட்டுக்குத் தள்ளுவார்கள். கிழடு என்று விற்கப்படும் பசுக்களில் பாதி இப்படி வீணாக்கப்பட்டவை என்பது என் எண்ணம்.

ஆகவே சினை ஊசி எப்போது போட்டார்கள், போடவில்லையென்றால் பருவத்துக்கு வந்ததா என்று கேளுங்கள். ஊசி போட்டு மூன்றாம் மாதம் டாக்டரை வைத்துச் சினை பாருங்கள். ஏழு மாதச் சினையில் தீவனத்தைக் குறைத்து, கறப்பதை நிறுத்துங்கள். தண்ணீரை நிறுத்தாதீர்கள். கடைசியாகக் கறந்ததும் நான்கு காம்பிலும் மடிநோய் வராமல் தடுக்கும் வற்றுக்கால மருந்துக் குழாயை டாக்டரிடம் ஏற்றிக்கொண்டு, ஒரு வாரம் தினமும் மடியைத் தொட்டுப் பாருங்கள். அந்த இரண்டு மாதம் வீட்டுக்குப் பாலைச் சங்கத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். வருஷம் முழுக்கப் பால் வேண்டும் என்றால் ஒரு மாடு போதாது. இதை யாரும் உங்களுக்குச் சொல்லியிருக்க மாட்டார்கள்.

இன்னொன்று, வயதான ஜெர்சி கலப்புக்குக் கன்று போட்ட இரண்டு மூன்று நாளில் பால் காய்ச்சல் வரக்கூடும், ரத்தத்தில் கால்சியம் குறைவதால் வருவது அது. காது சில்லிட்டு, கழுத்தை விலாப் பக்கம் மடித்துப் படுத்துவிடும். படுத்த மாட்டின் வாயில் எதையும் ஊற்றாதீர்கள், நுரையீரலுக்குப் போய்விடும். உடனே டாக்டரைக் கூப்பிடுங்கள், இல்லையென்றால் கால்நடை ஆம்புலன்ஸ் எண் 1962-க்கு அடியுங்கள். கால்சியத்தை ரத்தக் குழாயில் வேகமாக ஏற்றினால் இதயம் நின்றுவிடலாம், அரைகுறையாக ஊசி போடத் தெரிந்தவர் கையில் அதைக் கொடுக்காதீர்கள். வற்றுக் காலத்திலேயே கால்சியம் டானிக் கொடுங்கள் என்று கடைக்காரர் பாட்டில் நீட்டுவார், வாங்காதீர்கள். அப்போது கால்சியம் மிகுந்தால், உடம்பு தன் எலும்பிலிருந்து அதை எடுக்கும் பழக்கமே மந்தமாகிவிடும். கறவையில் இருக்கும்போது தினமும் தாது உப்பு கொடுத்தால் போதும்.

மடியும் ரத்தப் பரிசோதனையும் சரியாக இருந்தால் வாங்குங்கள். 38,000-ஐக் கொஞ்சம் குறைத்துக் கேளுங்கள். காளைக் கன்றுதானே என்று விட்டுவிட்டு வராதீர்கள், கன்று ஊட்டிப் பழகிய பசு அது இல்லாமல் பாலை அடக்கிக்கொள்ளும். அங்கே தின்ற தீவனத்திலேயே ஒரு மூட்டை வாங்கி வந்து, பத்து நாளில் மெல்ல உங்கள் தீவனத்துக்கு மாற்றுங்கள்.