மாடல் மேசை: சாய்ந்து நிற்கும் முதலை

போன இதழில் நான் செய்த மி-24 ராணுவ ஹெலிகாப்டரின் படத்தைப் போட்டிருந்தார்கள். 1/72 அளவு பிளாஸ்டிக் மாடல். அதற்கு வந்த கடிதங்களில் பாதி, 'பல் டாக்டருக்கு எதற்கம்மா இந்த வேலை?' என்றுதான் கேட்கின்றன. திருச்சி தில்லை நகரில் முப்பத்திரண்டு வருஷம் கிளினிக் நடத்தினேன். மகன் இன்ஜினீயரிங் படிக்கக் கிளம்பியபோது பாதி ஒட்டிய கிட் ஒன்றை மேசைமேல் விட்டுவிட்டுப் போனான். தூசி தட்டுகிற சாக்கில் உட்கார்ந்தவள்தான். அவன் திரும்பக் கேட்கவே இல்லை. மீதிக் கடிதங்களுக்கு வருகிறேன்.

முதல்முறையாக ஹெலிகாப்டர் மாடல் செய்ய ஆசை. எந்த அளவில் வாங்கலாம்?
- காரைக்குடி வாசகர்

முதலில் அலமாரியை அளந்து பாருங்கள். மி-24இன் ரோட்டர், அதாவது மேலே சுற்றும் விசிறி, நிஜத்தில் 17.3 மீட்டர் விட்டம். 1/72இல் அது 24 சென்டிமீட்டர், 1/48இல் 36, 1/35இல் கிட்டத்தட்ட அரை மீட்டர். ஸ்வெஸ்தா கம்பெனி 1/72, 1/48 இரண்டிலும் போட்டிருக்கிறது. டிரம்பெட்டர் 1/35இல் போட்டிருக்கிறது. அரை மீட்டர் ரோட்டரை வைக்க இடமில்லாமல் பீரோமேல் வைத்து, அதை ஃபேன் இடித்த கதைகள் எனக்குத் தெரியும்.

முதல் மாடலுக்கு மி-24 வேண்டாம் என்பது என் அபிப்பிராயம். பாகங்கள் குறைவான, கண்ணாடி குறைவான ஏதாவது ஒன்றைச் செய்து கையைப் பழக்குங்கள். அப்புறம் இதற்கு வரலாம்.

என் மி-24 தரையில் வைத்தால் இடது பக்கம் லேசாகச் சாய்கிறது. சக்கரத்தைப் பிடுங்கி இரண்டு தடவை ஒட்டிவிட்டேன். எங்கே தப்பு?
- கோவில்பட்டி வாசகர்

ஐயா, மூன்றாவது தடவை பிடுங்காதீர்கள். நிஜ மி-24உம் அப்படித்தான் நிற்கிறது.

இந்தக் கேள்விக்காகவே இந்த வாரப் பக்கத்தை ஒப்புக்கொண்டேன் என்று சொல்லலாம். மேலே சுற்றும் பெரிய ரோட்டர் ஒரு திசையில் சுற்றினால், உடம்பு எதிர்த்திசையில் திரும்பப் பார்க்கும். அதைத் தடுக்கத்தான் வாலில் சின்ன ரோட்டர். சரி, அது வாலை ஒரு பக்கமாகத் தள்ளுகிறது இல்லையா? அந்தத் தள்ளலில், அந்தரத்தில் நிற்கும்போது ஹெலிகாப்டர் மொத்தமாகவே அந்தப் பக்கம் நகரும். மி-24இல் அது இடது பக்கம். அதை ஈடுகட்ட ரோட்டர் தண்டையே வலது பக்கம் 2.5 டிகிரி சாய்த்து வைத்துவிட்டார்கள் இதை வடிவமைத்த மில் நிறுவனத்துக்காரர்கள். தரையில் நிற்கும்போது ரோட்டர் மட்டமாக இருக்க வேண்டும் என்பதால் சக்கரங்களையும் அதற்கேற்ப அமைத்தார்கள். ஆக, ரோட்டர் நேராக நிற்கும்; உடம்புதான் இடது பக்கம் சாய்ந்திருக்கும்.

2.5 டிகிரி என்றால் ஒன்றுமில்லை போலத் தோன்றும். 1/72 மாடலில் தண்டை உடம்புக்குச் செங்குத்தாக ஒட்டினால் ரோட்டரின் நுனி ஒரு பக்கம் ஐந்து மில்லிமீட்டர் ஏறும், மறுபக்கம் அதே அளவு இறங்கும். நன்றாகவே கண்ணுக்குத் தெரியும். ஒட்டும் முன்னால் ஒரு காரியம் செய்யுங்கள்: தண்டைப் பசை இல்லாமல் செருகி, முன்னாலிருந்து பாருங்கள். ரோட்டர் தரைக்கு இணையாகவும் உடம்பு கொஞ்சம் சோம்பலாகவும் இருந்தால் சரி. சாய்வு இதைவிட அதிகமாகத் தெரிந்தால் மட்டும் சக்கரத்தைச் சந்தேகப்படுங்கள்.

சோவியத் விமானிகள் இதற்கு வைத்த பட்டப்பெயர்களில் ஒன்று 'முதலை'. வெயிலில் ஒரு பக்கம் சாய்ந்து படுத்திருக்கும் முதலையைப் பார்த்தவர்களுக்கு இந்தச் சாய்வு உறுத்தாது.

காக்பிட் கண்ணாடியை ஒட்டிய மறுநாள் உள்ளே வெள்ளையாகப் புகை படிந்துவிட்டது. துடைத்தாலும் போகவில்லை.
- நாகர்கோவில் வாசகர்

சூப்பர் க்ளூ போட்டிருக்கிறீர்கள். எழுதாவிட்டாலும் தெரிகிறது. அந்தப் பசை இறுகும்போது வரும் ஆவி பக்கத்துக் கண்ணாடியில் வெள்ளையாகப் படியும். மூடிய காக்பிட்டுக்குள் அது வேறு எங்கே போகும்? என் மகனின் அந்தப் பாதி மாடலை நான் இப்படித்தான் கெடுத்தேன். அவனிடம் இன்னும் சொல்லவில்லை.

கண்ணாடியை மெதுவாக நெம்பிக் கழற்ற முடிந்தால் பிழைத்தீர்கள். 2000 நம்பர் உப்புத்தாளைத் தண்ணீரில் நனைத்து லேசாகத் தேயுங்கள். அப்புறம் பல் பேஸ்ட். ஜெல் வேண்டாம், பழைய வெள்ளை பேஸ்ட். பருத்தித் துணியில் துளி எடுத்து வட்டமாகத் தேய்த்தால் தெளியும். பல்லில் கறை எடுக்கிற அதே வேலைதான், நோயாளி மட்டும் வாயை மூடமாட்டார். அடுத்த முறை ஃபெவிகால் போன்ற வெள்ளைப் பசையால் ஒட்டுங்கள். காய்ந்தால் தெளிவாகிவிடும், விளிம்பில் வழிந்தால் ஈரத் துணியால் துடைக்கலாம்.

மி-24இன் பிந்திய வகைகளில் ஒன்றன்பின் ஒன்றாக இரண்டு குமிழ்க் கண்ணாடிகள் வரும். முன்னால் துப்பாக்கிக்காரர், பின்னால் சற்று உயரத்தில் விமானி. முதலில் வந்த மி-24ஏவில் இந்தக் குமிழ்கள் கிடையாது, தட்டையான கண்ணாடிகளைச் சேர்த்த ஒரே கூண்டு. பார்க்கிறவர் கண் முதலில் போவது இந்தக் குமிழ்களுக்குள்தான். ஆகவே உங்கள் பொறுமையில் பாதியை இங்கே செலவழியுங்கள்.

அப்படியானால் காக்பிட் உள்ளே என்ன நிறம்? கிட்டில் சொன்ன நிறம் கிடைக்கவில்லை.
- வேலூர் வாசகர்

நீலமும் பச்சையும் கலந்த மயில் கழுத்து மாதிரி ஒரு நிறம். சோவியத் காலத்து விமானங்கள், ஹெலிகாப்டர்கள் பலவற்றில் உள்ளே இதைப் பார்க்கலாம். கடையில் கிடைக்காவிட்டால் நீலம், பச்சை, வெள்ளை மூன்றையும் கலந்துகொள்ளுங்கள். வெள்ளையைக் கொஞ்சம் தாராளமாகவே சேருங்கள்; சின்ன மாடலில் எந்த நிறமும் நிஜத்தைவிடக் கருமையாகத் தெரியும். கிளினிக்கில் செயற்கைப் பல்லுக்கு ஷேட் பார்க்கும்போது நோயாளியை ஜன்னல் பக்கம் திரும்பச் சொல்வேன். ட்யூப் லைட்டில் பார்த்து வைத்த பல் கல்யாண வீட்டு வெளிச்சத்தில் காட்டிக்கொடுத்துவிடும். காக்பிட் நிறத்தையும் பகலில், ஜன்னல் ஓரம் வைத்துக் கலக்குங்கள்.

உட்புறம் காய்ந்ததும் கறுப்பு ஆயில் பெயின்ட்டைத் தின்னரில் தண்ணீர் மாதிரி கரைத்து மூலைகளில் ஓடவிடுங்கள். இருக்கை வாருக்கு மாஸ்கிங் டேப்பை மெல்லிய பட்டையாக நறுக்கி ஒட்டினால் போதும். இதற்குமேல் செய்தால் அது உங்கள் திருப்திக்கு, கண்ணாடி மூடியபிறகு யாருக்கும் தெரியப்போவதில்லை. நான் செய்கிறேன் என்பது வேறு விஷயம்.

உடம்பின் இரண்டு பாதிகளை ஒட்டிய கோடு தெரிகிறது. பல் செட் செய்யும் அக்ரிலிக்கால் அடைக்கலாமா? உங்களிடம் நிறைய இருக்குமே!
- திண்டுக்கல் வாசகர்

இந்தக் குறும்பை நானும் செய்து பார்த்தேன். அந்தப் பவுடரைக் கலக்கும் திரவம் கிட் பிளாஸ்டிக்கைக் கரைக்கும். கோட்டை அடைக்கப் போய் வால்தண்டு ஐஸ்கிரீம் மாதிரி குழைந்துவிட்டது. பல் மருத்துவம் கைகொடுக்காத ஒரே இடம் இது.

மாடல் புட்டி வாங்கிக்கொள்ளுங்கள். அவசரத்துக்கு சூப்பர் க்ளூவில் முகப்பவுடர் கலந்து பூசலாம், கண்ணாடியை ஒட்டும் முன்னால் மட்டும். ஆனால் அன்றைக்கே தேய்த்துவிட வேண்டும், மறுநாள் கல்லாகிவிடும். 1/72இல் ஒரு மில்லிமீட்டர் இடைவெளி, நிஜத்தில் ஏழு சென்டிமீட்டர் பள்ளம். கை நுழையும்.

ரோட்டர் பிளேடுகளை எந்தப் பக்கம் திருப்பி ஒட்டுவது? கிட்டின் படத்தில் நேராக இருக்கிறது, நிஜ ஹெலிகாப்டர் ஃபோட்டோவில் தொங்குகிறது. எது சரி?
- கடலூர் வாசகர்

இரண்டு கேள்வி. முதலாவதற்கு: மி-24 ரோட்டர் மேலிருந்து பார்த்தால் கடிகார முள் போகும் திசையில் சுற்றும். நம் விமானப்படையின் சேத்தக் ஹெலிகாப்டரும் அப்படியே. அமெரிக்க ஹ்யூயி ஹெலிகாப்டர் அதற்கு எதிர்த்திசை. ஒவ்வொரு பிளேடிலும் தடித்து உருண்ட விளிம்பு காற்றைக் கிழித்துப் போகும் பக்கம், மெலிந்த விளிம்பு பின்பக்கம். ஐந்து பிளேடையும் தடித்த விளிம்பு கடிகாரத் திசையைப் பார்க்கும்படி ஒட்டுங்கள். வால் ரோட்டரில் மூன்று பிளேடு. மி-24ஏ காலத்திலேயே அதை வலது பக்கத்திலிருந்து இடது பக்கத்துக்கு மாற்றிவிட்டார்கள்.

தொங்குவதுதான் சரி. சுற்றாமல் நிற்கும்போது பிளேடு தன் கனத்திலேயே வளைந்து தொங்கும். கொதித்து இறக்கிய தண்ணீரில் பிளேடை அரை நிமிடம் இடுக்கியால் பிடித்து, ஹார்லிக்ஸ் பாட்டில் மாதிரி அகலமான வளைவில் வைத்து லேசாக அழுத்துங்கள். அப்படியே குளிர்ந்த தண்ணீரில் முக்குங்கள். ஐந்தும் ஒரே அளவு வளைய வேண்டும் என்பதால் ஐந்துக்கும் ஒரே பாட்டில். அடிப்பக்கத்தில் வளைக்காதீர்கள், நுனியை நோக்கிப் போகப் போகத்தான் வளைவு கூட வேண்டும். வாடிய வாழையிலை மாதிரி ஆகிவிட்டால் திரும்பவும் வெந்நீர்தான்.

போன இதழ் படத்தைப் பார்த்துவிட்டுப் பக்கத்தை மூடிவிட்டேன். நான் யாழ்ப்பாணத்தில் பிறந்தவன். இதைப் போய் எப்படி அழகு பார்க்கிறீர்கள்?
- டொரன்டோ வாசகர்

நீங்கள் எழுதியது நியாயம். 1987இல் இந்திய அமைதிப்படையுடன் அங்கே போனவை இதே வகையின் ஏற்றுமதி வடிவமான மி-25கள். 1995இலிருந்து இலங்கை விமானப்படையும் மி-24 வைத்திருந்தது. எட்டு வீரர்கள் உட்காரும் இடமும் ராக்கெட் கூடுகளும் ஒரே உடம்பில் இருக்கும்படி கட்டிய ஆயுதம் இது. அழகுக்குக் கட்டியது இல்லை.

இந்த மாடலை முதலில் கிளினிக் வெயிட்டிங் ரூமில் கண்ணாடிப் பெட்டியில்தான் வைத்திருந்தேன். ஊரைவிட்டு வந்து இங்கே தங்கியிருந்த ஓர் அம்மா பல்வலியோடு வந்தார். பெட்டியைப் பார்த்தார், எழுந்து, அதற்கு முதுகு காட்டும் நாற்காலியில் போய் உட்கார்ந்தார். ஒன்றும் சொல்லவில்லை. அன்று சாயங்காலமே வீட்டுக்கு எடுத்துவந்துவிட்டேன். அலமாரியில் வைத்திருக்கிறேன், தூக்கிப் போடவில்லை. உங்களுக்கு இதைவிட நல்ல பதில் என்னிடம் இல்லை. படத்தைப் போடும் முன்னால் யோசித்திருக்க வேண்டும், யோசிக்கவில்லை.

சென்னையில் ஏர்பிரஷ் அடித்தால் பெயின்ட்டில் வெள்ளைத் திரை விழுகிறது.
- சென்னை வாசகர்

காற்றில் ஈரம். லேக்கர் பெயின்ட்டில் தின்னர் வேகமாக ஆவியாகும்போது மேற்பரப்பு குளிர்ந்து ஈரத்தை இழுத்துக்கொள்ளும். மெதுவாகக் காயவைக்கும் ரிடார்டர் கலந்த தின்னர் வாங்குங்கள், மழை நாளில் அடிக்காதீர்கள். எங்கள் ஊர் வெயிலைக் குறை சொல்கிறவர்கள் இதையும் கவனிக்கலாம்.

பழைய கிட்டின் டீக்கல் (தண்ணீரில் நனைத்து ஒட்டும் சின்னங்கள்) மஞ்சளாகிவிட்டது.
- ஈரோடு வாசகர்

ஜன்னல் கண்ணாடியில் வெயில் படும்படி சில நாள் டேப் போட்டு ஒட்டிவையுங்கள், மஞ்சள் வெளுக்கும். தண்ணீரில் போடும் முன்னால் மேலே ஒரு பூச்சு நிறமில்லாத கிளியர் பெயின்ட் அடித்துக்கொள்ளுங்கள், இல்லாவிட்டால் பழைய டீக்கல் துண்டு துண்டாக உடையும்.

அழுக்கு, புகைக்கறை எவ்வளவு போடலாம்?
- தஞ்சாவூர் வாசகர்

கை நிற்காது, அதுதான் ஆபத்து. மேலே இரண்டு டிவி3-117 இன்ஜின்கள். அவற்றின் புகைப்போக்கி வாய் இரண்டு பக்கமும் இருக்கிறது. அதற்குப் பின்னால் உடம்பில் கறுப்பு படிவது நியாயம். பென்சில் கரியைத் தூளாக்கி மெல்லிய பிரஷ்ஷால் பின்னோக்கித் தேயுங்கள். வீரர்கள் ஏறும் கதவு மேல்பாதி மேலேயும் கீழ்ப்பாதி கீழேயும் திறக்கும். கீழ்ப்பாதியின் உட்புறம்தான் படிக்கட்டு, பூட்ஸ் மிதித்த மண் அங்கே இருக்கலாம். பெயின்ட் பெயர்ந்த இடமும் அங்கேதான் இருக்க வேண்டும். யாரும் கால் வைக்காத வால் நுனியில் பெயின்ட்டைப் பெயர்த்து வைத்த மாடல்களை நிறையப் பார்க்கிறேன். அங்கே யார் ஏறினார்கள்?

பையனுக்குப் பன்னிரண்டு வயது. கத்தி, பசை எல்லாம் கொடுக்கலாமா?
- கரூர் வாசகி

பசை வேண்டாத, செருகிச் சேர்க்கும் கிட்டில் தொடங்குங்கள் அம்மா. பாகங்களைத் திருகிப் பிடுங்கவிடாமல் ஒரு கட்டர் வாங்கிக் கொடுங்கள். கத்தியை நீங்கள் பக்கத்தில் இருக்கும்போது மட்டும். மழுங்கிய பிளேடுதான் வழுக்கி விரலில் ஏறும். என் இடது ஆள்காட்டி விரலில் மூன்று தையல் அப்படி வந்தது. பசை போடும்போது ஜன்னலைத் திறந்து வையுங்கள்.

முடித்த மாடலில் தூசி சேர்கிறது. துடைத்தால் ஆன்டெனா உடைகிறது.
- பொள்ளாச்சி வாசகர்

துணி வேண்டாம். முகத்துக்குப் பவுடர் போடும் மெத்தென்ற பிரஷ் புதிதாக ஒன்று வாங்கி, மேலிருந்து கீழாக. ஆன்டெனா எப்படியும் ஒருநாள் உடையும். கிட்டில் மிஞ்சும் சட்டத்துண்டை மெழுகுவர்த்திச் சுடர்மேல் படாமல் காட்டி, இளகியதும் வெளியே எடுத்து இரண்டு பக்கமும் இழுத்தால் தலைமுடி மாதிரி கம்பி கிடைக்கும். நான் ஒரே உட்காரலில் பத்துப் பதினைந்து இழுத்து, பழைய ஊசி டப்பாவில் போட்டு வைத்திருக்கிறேன். இந்த வருஷம் ஆறு செலவாகிவிட்டது, நான்கு பூனையால்.