எண்ணிக்கையும் எல்லைக்கோடும்

அன்புள்ள ஆசிரியருக்கு,

அட்லாண்டாவின் புறநகர் ஒன்றில் நெடுங்காலமாக வசிக்கிறேன். குடியுரிமை பெற்று வாக்களித்தும் வருகிறேன். 2020 அதிபர் தேர்தலுக்குப் பிறகு என் அலுவலக நண்பர்கள் பலர் வாக்கு எண்ணிக்கையையே நம்புவதில்லை. வாக்களிக்கும் வயதை இப்போதுதான் எட்டியிருக்கும் என் மகனோ, தன் வாக்கு எதையும் மாற்றப்போவதில்லை என்கிறான். இரு கட்சியினரும் ஒருவரையொருவர் பகைவராகவே பார்க்கும் இந்த நாட்டில் மக்களாட்சியின் மீதான நம்பிக்கை முடிந்துவிட்டதா?

ஒரு வாசகர், அட்லாண்டா

அன்புள்ள நண்பருக்கு,

முடிந்துவிட்டது என்று நான் நினைக்கவில்லை. 2020இல் வாக்களிக்கத் தகுதியுள்ளவர்களில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கினர் வாக்களித்தார்கள். ஒரு நூற்றாண்டுக்கும் மேலாக அமெரிக்கா காணாத அளவு அது. ஆனால் உங்கள் நண்பர்களின் அவநம்பிக்கையையும் உங்கள் மகனின் சலிப்பையும் ஒரே கணக்கில் சேர்க்க வேண்டாம். முதலாவதற்கு ஆதாரம் இல்லை. உங்கள் மகன் சொல்வதில் ஓரளவு நியாயம் உண்டு.

உங்கள் மாநிலமான ஜார்ஜியாவில் அந்த ஆண்டு பைடன் 11,779 வாக்குகள் வித்தியாசத்தில் வென்றார். சுமார் ஐம்பது லட்சம் வாக்குச்சீட்டுகள் முதலில் இயந்திரத்திலும், பிறகு கையாலும், டிரம்ப் தரப்பு கோரியதால் மீண்டும் இயந்திரத்திலும் எண்ணப்பட்டன, வென்றவர் மாறவில்லை. தனக்கு 11,780 வாக்குகளைத் தேடித்தரும்படி அதிபர் டிரம்பே தொலைபேசியில் கேட்டபோது இணங்க மறுத்த, தேர்தல்களுக்குப் பொறுப்பான மாநிலச் செயலாளர் பிராட் ராஃபென்ஸ்பெர்கர், குடியரசுக் கட்சியைச் சேர்ந்தவர், டிரம்புக்கே வாக்களித்தவர். 2022இல் டிரம்ப் ஆதரித்த போட்டியாளரை, கட்சியின் வேட்பாளரை வாக்காளர்களே தேர்ந்தெடுக்கும் உட்கட்சித் தேர்தலிலேயே வென்று அவர் பதவியைத் தக்கவைத்துக்கொண்டார் என்பதை உங்கள் நண்பர்களுக்கு நினைவூட்டலாம்.

பியூ ஆய்வு மையத்தின் கருத்துக்கணிப்புகளில், 2020 தேர்தல் நன்றாக நடந்ததாகச் சொன்னவர்கள் டிரம்ப் வாக்காளர்களில் ஐந்தில் ஒரு பங்கினர்தான். 2024இல் அப்படிச் சொன்னவர்கள் பத்தில் ஒன்பது பங்குக்கும் மேல். இடையில் சில மாநிலங்கள் தேர்தல் சட்டங்களைத் திருத்தின என்பது உண்மையே, ஆயினும் இத்தனை பெரிய மனமாற்றத்தை விளக்கும் அளவுக்கு எண்ணும் முறை எங்கும் மாறிவிடவில்லை. மாறியது முடிவு மட்டும்தான். 2024இல் தோற்ற கமலா ஹாரிஸ் மறுநாளே தோல்வியை ஏற்றார். துணை அதிபர் என்ற முறையில், தன் தோல்வியை உறுதிசெய்த நாடாளுமன்றக் கூட்டத்துக்கு 2025 ஜனவரி 6 அன்று தலைமையும் தாங்கினார். அவருடைய வாக்காளர்களில் மிகப் பெரும்பாலோரும் தேர்தல் நன்றாகவே நடந்தது என்றனர். அன்றைய துணை அதிபர் அல் கோரும், தன் தோல்வியை உறுதிசெய்த கூட்டத்துக்கு 2001இல் இப்படியே தலைமை தாங்கியிருக்கிறார். (புளோரிடாவில் 537 வாக்குகளில் எல்லாவற்றையும் இழந்த அவருக்குக் குறைபட்டுக்கொள்ள இருந்த காரணம், 2020இல் டிரம்புக்கு இருந்ததைவிடப் பல மடங்கு வலுவானது.) எண்ணிக்கையின் மீதான நம்பிக்கை, தோற்ற தலைவர் தன் ஆதரவாளர்களிடம் என்ன சொல்கிறார் என்பதையே பெரிதும் சார்ந்திருக்கிறது.

உங்கள் மகனின் குறை வேறு இடத்தைத் தொடுகிறது. பெரும்பாலான மாநிலங்களில் நாடாளுமன்றத் தொகுதிகளின் எல்லைகளை வரைவது மாநிலச் சட்டமன்றம், அதாவது அங்கே ஆளும் கட்சி. கட்சி ஆதாயத்துக்காக அப்படி வரைவதில் கூட்டாட்சி நீதிமன்றங்கள் தலையிட இயலாது என்று 2019இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. 2025இல் டெக்சாஸ், மக்கள்தொகைக் கணக்கெடுப்புக்குக் காத்திராமல், குடியரசுக் கட்சிக்கு ஐந்து இடங்கள் கூடுதலாகக் கிடைக்கும் நோக்கத்துடன் எல்லைகளை மாற்றியது. கலிஃபோர்னியா அதற்குப் பதிலடியாக ஜனநாயகக் கட்சிக்குச் சாதகமான வரைபடத்தை மக்கள் வாக்கெடுப்பின் மூலம் ஏற்றது. கலிஃபோர்னியாவின் மாற்றம் வாக்காளர் ஒப்புதலோடு நடந்தது என்பதால் அதை நான் பாராட்டத் தயாரில்லை. இப்படி வரையப்பட்ட தொகுதிகளில் நவம்பரில் நடக்கும் பொதுத்தேர்தல் பெரும்பாலும் சடங்குதான். உறுப்பினரைத் தீர்மானிப்பது, மிகச் சிலரே வாக்களிக்க வரும், அதிலும் கட்சிப் பற்று மிகுந்தவர்களே வரும் உட்கட்சித் தேர்தல். எதிர்க்கட்சியோடு ஒரு மசோதாவில் ஒத்துப்போனால் அடுத்த முறை தன் கட்சிக்காரர்களே தன்னை வீழ்த்துவார்கள் என்று அஞ்சும் உறுப்பினரிடம் சமரசத்தை எதிர்பார்க்க முடியாது. நீங்கள் சொல்லும் பகையுணர்வை ஆண்டுக்கணக்காக வளர்க்கும் ஏற்பாடுகளில் இதுவும் ஒன்று.

ஜார்ஜியாவில் வாக்காளர் எந்தக் கட்சியிலும் பதிவுசெய்துகொள்ள வேண்டியதில்லை. உட்கட்சித் தேர்தல் நாளில் எந்தக் கட்சியின் வாக்குச்சீட்டையும் கேட்டுப் பெறலாம். மறுசுற்று வந்தால் மட்டும் அதே கட்சியோடு இருக்க வேண்டும். தொகுதி எந்தக் கட்சியின் கோட்டையோ அந்தக் கட்சியின் சீட்டைக் கேட்டு, அங்குள்ள வேட்பாளர்களில் நிதானமானவருக்கு உங்கள் மகன் வாக்களிக்கலாம். நவம்பரைவிட அங்கே அவர் வாக்குக்கு எடை அதிகம்.