கஸ்தூரி மஞ்சள் பூசினால் நிறம் மாறுமா?

கேள்வி: மகளுக்குத் தையில் கல்யாணம். கஸ்தூரி மஞ்சள் தினமும் பூசினால் நிறம் வெளுக்கும், ஆராய்ச்சியிலேயே சொல்லியிருக்கிறார்கள் என்கிறார்கள் சொந்தக்காரர்கள். கடையில் பொடி வாங்கிப் பூசினோம். முகத்தில் ஏறிய மஞ்சள் இரண்டு நாளாகியும் போகவில்லை. தொடரலாமா?
- ஒரு வாசகி, தென்காசி

பதில்: இரண்டு நாள் கறை நின்றதென்றால் அது சமையல் மஞ்சளாகவோ வேறு காட்டு மஞ்சளாகவோதான் இருக்கும். கஸ்தூரி மஞ்சள் அப்படிக் கறை பிடிக்காது. எங்கள் வீட்டுக் கிணற்றடியில் பல வருடமாக வளர்க்கிறேன். கிழங்கை நறுக்கினால் உள்ளே வெளிறிய மஞ்சள், மூக்கருகே கொண்டுபோனால் கற்பூர வாசம். இலையின் அடிப்பக்கம் பூனைமுடி போல மெத்தென்றிருக்கும். இலை நடுவில் ஊதாக் கோடு ஓடினால் அது பூலாங்கிழங்கு வகை. இஞ்சிக் குடும்பத்தில் இப்படி நிறைய அக்கா தங்கைகள் உண்டு. பொடியாக்கிவிட்டால் கண்டுபிடிப்பது கஷ்டம்.

சரி, ஆராய்ச்சி. ஊதா நிறக் கரைசலில் கிழங்குச் சாற்றை விடுவார்கள். ஊதா வெளுத்து மஞ்சளானால் ஆக்சிஜனேற்றத்தைத் தடுக்கும் குணம் இருக்கிறது என்று அர்த்தம். அப்புறம் டைரோசினேஸ். தோலுக்குக் கருமை தரும் மெலனின் உருவாக இந்த நொதி வேண்டும். அதைச் சாறு எவ்வளவு தடுக்கிறது என்று பார்ப்பார்கள். பெரும்பாலும் அந்த நொதியைக் காளானிலிருந்து எடுப்பார்கள், சாற்றை ஆல்கஹாலில் இறக்குவார்கள். நாம் பாலில் குழைத்துக் கால் மணி நேரத்தில் கழுவிவிடுகிறோம். மெலனின் செய்யும் செல்களோ மேல்தோலின் அடியில் உட்கார்ந்திருக்கின்றன. சோதனைக் குழாயில் கிடைத்த பலனை முகத்தில் எதிர்பார்க்க வேண்டாம்.

மகளின் நிறம் அவள் பிறந்த நிறம், அம்மா. அதை மாற்ற வேண்டிய அவசியம் எனக்குத் தெரியவில்லை. வெளுப்பாக்கும் கிரீம் என்று யாராவது கொடுத்தால் மட்டும் கண்டிப்பாக வேண்டாம் என்று சொல்லுங்கள். சிலவற்றில் பாதரசம் இருக்கும். அது சிறுநீரகத்தையே கெடுக்கும். சிலவற்றில் ஸ்டீராய்டு, தோல் மெலிந்து சிவந்துபோகும்.

வாசத்துக்கும் குளியல் சுகத்துக்கும் கஸ்தூரி மஞ்சள் வேண்டுமென்றால் முழுக் கிழங்காக வாங்குங்கள். நறுக்கி நிழலில் காயவைத்து அரைத்து, பயத்தமாவோடு கலந்துகொள்ளலாம். முதலில் முழங்கை மடிப்பில் தடவி ஒரு நாள் பாருங்கள். அரித்தாலோ சிவந்தாலோ அவள் முகத்துக்கு அது வேண்டாம்.