ஆர்டுயினோ பின்னுக்கு ஃபியூஸ் போட்டுக் காப்பாற்றலாமா?

கேட்டவரின் பிரச்சினை இதுதான்: ஆர்டுயினோ ஊனோ என்ற, கோடு எழுதி லைட், மோட்டர் எல்லாம் போட்டு நிற்பாட்டுகிற சின்னப் போர்டில் அவுட்புட் பின்கள் (கரண்ட் வெளியே போகிற கால்கள்) ஒவ்வொன்றாகச் செத்துப்போகின்றன, ஒவ்வொரு பின்னிலும் ஒரு சின்ன ஃபியூஸ் போட்டால் தப்புமா?

தப்பாது. ஃபியூஸ் என்பது சூடாகி உருகுகிற ஒரு கம்பி. அது சூடாக நேரம் எடுக்கும், அதற்குள் சிப்பின் உள்ளே இருக்கிற பூச்சி அளவு ரான்சிஸ்டர் (கரண்டைத் திறந்து மூடுகிற சுவிட்ச் மாதிரி) வெந்துவிடும். தானாக மீளும் பாலிஃபியூஸ் இன்னும் சோம்பேறி, அதற்குச் சிலவேளை செக்கன் கணக்கிலேயே நேரம் வேணும். (ஊனோ போர்டில் யூஎஸ்பி பக்கத்தில் 500 மில்லிஅம்பியர் பாலிஃபியூஸ் ஒன்று இருக்கிறதுதான், ஆனால் அது உங்கள் கம்ப்யூட்டரின் யூஎஸ்பியைக் காப்பாற்றப் போட்டது, பின்னை அல்ல.) இதில் பெரிய பகிடி என்னவென்றால், பின்னின் உள்ளே ஏறக்குறைய 25 ஓம் தடை இருப்பது போலத்தான் அது நடந்துகொள்ளும், அதனால் நேரடியாக ஷார்ட் ஆனாலும் 5 வோல்ட்டில் 200 மில்லிஅம்பியருக்கு மேல் ஓட வழியில்லை. நீங்கள் 250 மில்லிஅம்பியர் ஃபியூஸ் போட்டால் அது கடைசிவரை அப்படியே இருக்கும், பின் மட்டும் போகும்.

எனக்கு இது விளங்கியது இரண்டு பின்களைக் கொன்ற பிறகு. யாழ்ப்பாணத்து நீர்வேலியில் மாமாவுக்கு வாழைத்தோட்டம். தொட்டி நிரம்பினால் மோட்டர் தானாக நிற்க ஒன்று செய்து தாடா என்று கேட்டார், நானும் கஸ்தூரியார் வீதியில் ஒரு கடையில் 5 வோல்ட் ரிலே ஒன்றை வாங்கிவந்து (ரிலே என்பது காந்தத்தால் போட்டு நிற்பாட்டுகிற சுவிட்ச்; மொடியூல் இல்லை, வெறும் நீலப் பெட்டி) உள்ளே இருக்கிற கம்பிச் சுருளான கொயிலின் ஒரு காலைப் பின் 8 இலும் மற்றதைக் கிரவுண்டிலும் கொழுவினேன். டிக் என்று சத்தம் வந்தது! வேலை செய்கிறது என்று மாமாவுக்குக் காட்டி, மாமி தந்த தேத்தண்ணியையும் குடித்துவிட்டு வந்தேன். வேலை செய்தபடியால்தான் பிழையே தெரியவில்லை. அந்த வகை ரிலேயின் கொயில் 70 ஓம், 5 வோல்ட்டை 70 ஆல் வகுத்தால் 71 மில்லிஅம்பியர். பின்னின் சொந்தத் தடையையும் கூட்டினால்கூட 50க்கு மேல். ஊனோ ஆர்3 இல் இருக்கிற ஏடிமெகா328பி சிப்புக்கு ஒரு பின்னுக்கான உச்ச எல்லை 40, அதுவும் "இதைத் தாண்டினால் சிப் பழுதாகலாம்" என்ற எல்லை, நாள் முழுக்க ஓட்டச் சொன்ன அளவு இல்லை. ஒழுங்காக ஓட்டுவதென்றால் 20ஐ மனதில் வைத்துக்கொள்ளுங்கள். நாலு நாளில் பின் 8 போனது. நான் கெட்டிக்காரன் அல்லவா, வயரைக் கழற்றிப் பின் 9 இல் போட்டேன். அதுவும் போனது.

எங்கள் ஒழுங்கையில் பழைய ரேடியோ திருத்துகிற ஐயா ஒருவர் இருக்கிறார், தொண்ணூறுகளில் கரண்ட் இல்லாத காலத்தில் சைக்கிள் டைனமோவில் ரேடியோவைப் பாட வைத்த ஆட்களில் ஒருவர். அவருக்கு மைக்ரோகன்ட்ரோலர் தெரியாது. போர்டைப் பார்த்துவிட்டு ஒன்றே ஒன்றுதான் கேட்டார்: "தம்பி, நடுவில ஒரு பல்ப்பைப் போட்டுப் பாக்கேல்லையே?"

ரேடியோ திருத்துகிற ஆட்கள் எல்லாரும் செய்கிற வேலை அது. திருத்திய செட்டை நேரே 230 வோல்ட்டில் செருக மாட்டார்கள், 60 வாட் குண்டு பல்ப் ஒன்றைத் தொடராகப் போட்டுத்தான் முதலில் கரண்ட் கொடுப்பார்கள். உள்ளே ஷார்ட் இருந்தால் பல்ப் பளிச்சென்று எரியும், செட் தப்பிவிடும். ஃபியூஸ் போல அறுந்துபோய்க் காப்பாற்றுவதில்லை, நடுவில் நின்று இவ்வளவுக்கு மேல் விடமாட்டேன் என்று மறிக்கிறது. பின்னுக்கும் வேண்டியது அதேதான், பல்ப்புக்குப் பதிலாக ஒரு 220 ஓம் ரெசிஸ்டர். (பள்ளிக்கூடப் புத்தகத்தில் தடையி. கடையில் தடையி தாருங்கள் என்று கேட்டால் ஒரு மாதிரிப் பார்ப்பார்கள்.) விலையைச் சொல்லி வெட்கப்படத் தேவையில்லை, அவ்வளவு மலிவு.

கணக்கு லேசானது. ரெசிஸ்டருக்கு அப்பால் வயர் நேரே கிரவுண்டோடு முட்டினாலும், 5 ஐ 220 ஆல் வகுத்தால் 23 மில்லிஅம்பியர், 40க்கு நன்றாகக் கீழே. 330 ஓம் போட்டால் 15. இஎஸ்பி8266 என்ற வைஃபை சிப் வைத்திருப்பவர்களுக்கு எல்லை 12 மில்லிஅம்பியர்தான், அது 3.3 வோல்ட்டில் ஓடுகிறபடியால் 330 ஓம் போட்டால் 10 ஓடும், சரி. "நடுவில் தடை வந்தால் சிக்னல் குறையாதா" என்று கேட்பீர்கள். மற்றப் பக்கத்தில் இருப்பது இன்னொரு சிப்பின் இன்புட் என்றால் அது கரண்ட் இழுப்பதே இல்லை என்று சொல்லலாம், இழுக்காவிட்டால் வோல்ட் குறையவும் வழியில்லை. மிக வேகமான சிக்னலாக இருந்தால் மட்டும் 100 ஓமுக்குக் கீழே இறக்குங்கள். மற்றபடி வெளியே வயர் போகிற எந்தப் பின்னுக்கும் 220 போடலாமா என்று கேட்டால் என் பதில் ஓம், எங்கள் ஊர் அர்த்தத்திலும் (ஆம்).

இந்த ரெசிஸ்டர் கூடுதலாகக் காப்பாற்றுவது ரிலேயிடம் இருந்து அல்ல, நம்முடைய கவனக்குறைவிடம் இருந்து. சுவிட்ச் ஒன்றைப் பின்னுக்கும் கிரவுண்டுக்கும் இடையில் போட்டுவிட்டு, கோடில் அந்தப் பின்னை இன்புட் என்று எழுத வேண்டிய இடத்தில் அவுட்புட் என்று எழுதி, ஹை (5 வோல்ட்) கொடுத்திருப்போம். சுவிட்சை அமத்தின உடனே நேரடி ஷார்ட். ஏ.எல். தொழினுட்பப் பிரிவுப் பிள்ளைகள் கொண்டுவந்து காட்டுகிற செத்த போர்டுகளில் பாதிக்கு மேல் இந்தக் கதைதான், பிள்ளைகள் சத்தியம் பண்ணுவார்கள் தாங்கள் ஒன்றும் செய்யவில்லை என்று.

ஒவ்வொரு பின்னும் எல்லைக்குள் இருந்தும் சிப் கஷ்டப்படுவதும் உண்டு. போன வருஷம் நல்லூர்த் திருவிழா நேரம் ஒரு பெடியன் கோபுர மாதிரி ஒன்று செய்து 14 எல்ஈடி பூட்டினான், ஒவ்வொன்றுக்கும் ஒழுங்காக 220 ஓம். சிவப்பு எல்ஈடி 2 வோல்ட் எடுக்கும் என்றால் மிச்சம் 3 வோல்ட், ஒன்றுக்கு 13.6 மில்லிஅம்பியர், பிழையே இல்லை. ஆனால் எல்லாம் ஒன்றாக எரிகிறபோது 190. அந்தச் சிப்பின் விசிசி (கரண்ட் உள்ளே வருகிற கால்), கிரவுண்ட் கால்களுக்கு உச்ச எல்லை 200. சிப்பைத் தொட்டால் சூடு தெரிந்தது. எல்லா ரெசிஸ்டரையும் 1 கிலோஓம் ஆக்கச் சொன்னேன், ஒன்றுக்கு 3 மில்லிஅம்பியர், வெளிச்சத்தில் பெரிய வித்தியாசம் ஒருவருக்கும் தெரியவில்லை. இந்தக் காலத்து எல்ஈடிகளுக்கு 220 போடுவது வெறும் பழக்கதோஷம் என்பது என் அபிப்பிராயம். 74எச்சி595 என்ற சிப்பைப் போட்டுப் பின்களைக் கூட்டுகிறவர்கள் இன்னும் கவனம், அதன் மொத்த எல்லை 70 தான்.

சரி, உண்மையிலேயே கூடக் கரண்ட் வேணும் என்றால்? அந்தக் கரண்ட் பின்னுக்குள்ளால் போகவே கூடாது, பின் ஒரு ரான்சிஸ்டரைத் தட்டிவிட்டால் காணும். ரிலே ஒன்றுக்கு பிசி547 என்ற ரான்சிஸ்டர் போதும், அது 100 மில்லிஅம்பியர் வரை தாங்கும், பேஸுக்கு (பின் தட்டிவிடுகிற கால்) 1 கிலோஓம் போட்டால் பின்னில் இருந்து ஏறக்குறைய 4 மில்லிஅம்பியர்தான் போகிறது. கொயிலுக்குக் குறுக்கே 1என்4007 டயோட் (ஒரு பக்கமாக மட்டும் கரண்ட் விடுவது) ஒன்று, வெள்ளிக் கோடு பிளஸ் பக்கம், மறக்க வேண்டாம். கொயிலை நிற்பாட்டும் கணத்தில் அது திருப்பி அடிக்கிற வோல்ட், கரண்டை விட மோசமான எதிரி, என் பின் 9 அதாலும் போயிருக்கலாம். நாலைந்து ரிலே என்றால் யூஎல்என்2003 என்ற சிப்பை வாங்குங்கள். ஏழு சனல், பேஸ் ரெசிஸ்டரும் டயோடும் உள்ளேயே இருக்கின்றன, ஆனால் கொம் என்று போட்ட காலை ரிலேயின் பிளஸ்ஸோடு இணைத்தால்தான் அந்த டயோட் வேலை செய்யும். நிறையப் பேர் அதை அந்தரத்தில் விடுகிறார்கள்.

மொஸ்ஃபெட் (இன்னொரு வகை ரான்சிஸ்டர்) வாங்குகிறவர்களுக்கு ஒன்று: கடையில் ஐஆர்எஃப்இசட்44 தருவார்கள், அது கேட்டில் (திறக்கச் சொல்கிற காலில்) 10 வோல்ட் எதிர்பார்க்கிற ஆள், 5 வோல்ட்டில் அரைகுறையாகத் திறந்து சுடும். எஃப் இருக்கிற இடத்தில் எல் இருக்கிற ஐஆர்எல்இசட்44 கேளுங்கள். கேட் ஒரு கொள்ளளவி (கப்பாசிட்டர்) மாதிரி, நிரம்புகிற கணத்தில் குபுக்கென்று கரண்ட் இழுக்கும், அதனால் அங்கேயும் 220 ஓம், அப்புறம் கேட்டுக்கும் கிரவுண்டுக்கும் இடையில் 10 கிலோஓம், போர்டு ஸ்டார்ட் ஆகிற நேரம் மோட்டர் தானாக ஓடாமல் இருக்க.

தண்ணி மோட்டரை அந்த நீலப் பெட்டி ரிலேயாலேயே நேரே போட நினைக்க வேண்டாம். மோட்டர் கிளம்பும்போது இழுப்பது ஓடும்போது இழுப்பதை விடப் பல மடங்கு, ரிலேயின் உள்முனைகள் ஒட்டிப்போகும், தொட்டி வழியும். ரிலே ஒரு கொன்டாக்டரை (மோட்டர் போடவென்றே இருக்கிற பெரிய ரிலே) போடட்டும், கொன்டாக்டர் மோட்டரைப் போடட்டும். அந்தப் பக்கம் 230 வோல்ட், வயரிங் தெரிந்த ஒருவரை வைத்துச் செய்யுங்கள்.

உங்கள் பின் செத்துவிட்டதா என்று பார்க்க, பின்னுக்கும் கிரவுண்டுக்கும் இடையில் 1 கிலோஓம் போட்டு, ஹை கொடுத்து மீட்டரில் பாருங்கள். நல்ல பின் 5 வோல்ட்டுக்குக் கிட்டக் காட்டும். என் பின் 8 இல் 1.6 வந்தது, பின் 9 இல் ஒன்றுமே இல்லை. அதே போர்டுதான் இன்னும் நீர்வேலியில் ஓடுகிறது, பின் 10 இல், நடுவில் ஒரு பிசி547 போட்டு. 8 க்கும் 9 க்கும் மேல் இன்சுலேஷன் டேப் ஒட்டி, "செத்தது" என்று மார்க்கரால் எழுதியிருக்கிறேன், மாமா யாரையாவது கூட்டிவந்து காட்டும்போதெல்லாம் முதலில் அதைத்தான் காட்டுகிறார்.