மாடு மேய்க்கவா டாக்டர் பட்டம்?

மலேசியாவில் சுங்கை சிப்புட் பக்கத்துத் தோட்டத்து லயத்தில் வளர்ந்தவள் நான். இப்போது பல்கலைக்கழகத்தில் விலங்கு நலமும் மனிதர்–விலங்கு உறவும் பாடம் நடத்துகிறேன். விடுமுறைக்கு ஊர் வந்தபோது கோயில் மண்டபத்தில் என்னை உட்கார வைத்துக் கேட்ட கேள்விகளும் நான் சொன்ன பதில்களும் இவை.

ஆறாம் படிவ மாணவி: இதற்குக் கால்நடை மருத்துவம் படித்தே ஆக வேண்டுமா அக்கா?

வேண்டியதில்லை தங்கச்சி. செர்டாங்கில் புத்ரா பல்கலைக்கழகத்தில் ஐந்து வருடம் கால்நடை மருத்துவம் படித்துவிட்டு வருகிறவர்கள் உண்டு. விலங்கியல், உளவியல் படித்தும் வரலாம். நான் படித்தது விலங்கியல்தான். அப்புறம் முதுகலை, முனைவர் பட்டம். புள்ளியியலை மட்டும் ஒதுக்கிவிடாதே. நான் ஒதுக்கினேன், முதுகலையில் ஒரு வருடம் அதைக் கற்றுக்கொள்ளவே போய்விட்டது.

லாரி ஓட்டும் அப்பா ஒருவர்: படிக்காதவனைத்தான் ‘மாடு மேய்க்கப் போ’ என்று திட்டுவோம். இதற்கு டாக்டர் பட்டமா?

என் அப்பாவும் இதே வார்த்தையைத்தான் சொன்னார் அண்ணே! துறை புதிது, அதனால் அப்படித் தோன்றும். பண்ணை விலங்குகள் படும் பாட்டை ரூத் ஹாரிசன் 1964இல் புத்தகமாக எழுதினார். அதை விசாரிக்க பிரிட்டன் அரசு அமைத்த பிராம்பெல் குழுவின் அறிக்கை மறுவருடமே வந்தது. கேம்பிரிட்ஜில் விலங்கு நலத்துக்கென்று பேராசிரியராக டொனால்ட் புரூம் அமர்ந்தது 1986இல்தான். காசுக் கணக்கும் இதில் உண்டு. ஆஸ்திரேலியாவில் பால் ஹெம்ஸ்வொர்த் குழுவினர் பார்த்ததில், ஆளைக் கண்டு மிரளும் மாடு பால் குறைவாகத் தருகிறது; அடித்து ஓட்டப்படும் பன்றி சரியாக எடை போடுவதில்லை.

பால் மாடு வைத்திருக்கும் பாட்டி: நாற்பது வருஷமா மாடு வளர்க்கிறேன். அதுக்கு என்ன வேணும்னு எனக்குத் தெரியாதா?

உங்களுக்குத் தெரிந்ததில் பாதி என் மாணவர்களுக்குத் தெரியாது பாட்டி. ஆனால் தெரிந்தவர்களும் சறுக்குவார்கள். அந்த பிராம்பெல் குழுவில் இருந்தவர்கள் விவரமானவர்கள். கூண்டுக் கோழியின் காலுக்கு மெல்லிய அறுகோணக் கம்பி வலை ஆகாது, தடித்த கம்பிதான் நல்லது என்றார்கள். யாருக்கும் அப்படித்தான் தோன்றும். 1973இல் ஹியூஸ், பிளாக் என்ற இருவர் பல வகைத் தரைகளைப் போட்டு, கோழியையே தேர்ந்தெடுக்க விட்டார்கள். அது போய் நின்றது அந்த மெல்லிய வலையில்! அதில் பாதத்துக்குத் தாங்கல் அதிகம்.

சரி, கோழி கேட்டதெல்லாம் அதற்கு நல்லதா? என் மகனைக் கேட்டால் மூன்று வேளையும் மேகி என்பான். அதனால் ஒரு விலங்கு எதை விரும்புகிறது என்பதோடு, அதற்காக எவ்வளவு பாடுபடும் என்றும் பார்க்கிறோம். முட்டையிடும் நேரம் வந்தால் கோழி கனமான கதவையும் முட்டித் தள்ளிக்கொண்டு கூட்டுக்குப் போகும். அதற்கு மேல் உடல்நிலையையும் சேர்த்துத்தான் முடிவுக்கு வருவோம். உங்கள் நாற்பது வருஷம் எனக்குக் கேள்வியைத் தரும் பாட்டி. பதிலை மாட்டிடம்தான் கேட்க வேண்டும்.

அவருடைய பேத்தி: வேலை கிடைக்குமா?

விரிவுரையாளர் இடங்கள் குறைவு. முனைவர் பட்டத்துக்குப் பிறகு சில வருடம் ஒப்பந்த வேலையில் ஊர் ஊராகத் திரியவும் மனம் வேண்டும். வீட்டில் கல்யாணப் பேச்சு எடுக்கிற வயதும் அதுதான், தெரிந்துகொள். ஆய்வுக் கட்டுரை ஆங்கிலத்தில்தான் எழுத வேண்டும். பல்கலைக்கழகம் அமையாவிட்டால் விலங்குக் காட்சிச்சாலை, கால்நடைச் சேவைத் துறை என்று வேறு வாசல்களும் உண்டு.

ஐந்தாம் படிவ மாணவன்: எங்கள் லயத்தில் ஒரு நாயை நாள் முழுக்கச் சங்கிலியில் கட்டியே வைத்திருக்கிறார்கள். தப்பு இல்லையா?

2015ஆம் ஆண்டு விலங்கு நலச் சட்டப்படி, கொடுமை நிரூபணமானால் 20,000 முதல் 100,000 வெள்ளி வரை அபராதம், மூன்று வருடம் வரை சிறை, அல்லது இரண்டுமே. ஆனால் முதலில் அந்த வீட்டுக்காரரிடம் பேசிப் பார் தம்பி. பல வீடுகளில் நாய் யாரையாவது கடித்துவிடுமோ என்ற பயத்தில்தான் கட்டுகிறார்கள். அந்தப் பயமும் எங்கள் பாடத்தில் ஒரு பகுதிதான்.

அதே மாணவன்: இப்போதே நான் ஏதாவது செய்யலாமா?

ஒரு நோட்டுப் புத்தகம் எடு. லயத்து நாய்களைக் கொஞ்சம் தள்ளி உட்கார்ந்து பார். பத்து நிமிடத்துக்கு ஒரு முறை ஒவ்வொன்றும் என்ன செய்கிறது என்று எழுது. ‘சோகமாக இருக்கிறது’ என்று எழுதாதே. ‘படுத்திருக்கிறது, காது பின்னால், வாய் மூடியிருக்கிறது’ என்று எழுது. தீபாவளிக்கு வருவேன், கொண்டு வந்து காட்டு.