புது வீட்டுச் சமையலறைக்கு மாடுலர் கிச்சன் போடலாமா, பழைய மாதிரி மேடையே போதுமா?

தருமபுரிப் பக்கம் வீடு கட்டுகிறோம், பூச்சு வேலை நடக்கிறது, மாமனார் மாமியாரோடு சேர்த்து ஆறு பேர், தினமும் ஒரு வேளை கேழ்வரகுக் களி உண்டு என்று கேள்வியில் எழுதியிருக்கிறீர்கள். மாடுலரா மேடையா என்பதை அப்புறம் பார்க்கலாம். களி என்று சொன்னீர்களே, அங்கிருந்து ஆரம்பிக்கிறேன். களி கிண்டுகிற வீட்டுக்கும் கிண்டாத வீட்டுக்கும் ஒரே மாதிரி சமையலறை ஒத்து வராது. கடையில் படம் காட்டி விற்கிற கிச்சன் எல்லாம் தோசைக்கல்லுக்கும் குக்கருக்கும் போட்ட கணக்கு.

எங்கள் வீடு காவேரிப்பட்டணம் பக்கம். எங்களுக்கும் மேஸ்திரி வழக்கமான அளவில்தான் மேடைக்குக் கோடு போட்டார், தரையிலிருந்து 33 அங்குலம். அத்தை, அதாவது என் மாமியார், வந்து பார்த்துவிட்டு, "ஏம்ப்பா, இது சோறாக்குற மேடை. களி எங்க கிண்டுறது?" என்றார். "அடுப்பு மேலேயே கிண்டிக்கலாம்மா" என்றார் அவர். "நீ வந்து ஒரு நாள் கிண்டு, நான் பாக்கறேன்" என்று அத்தை சொன்னதும் மேஸ்திரி டீ குடிக்கப் போய்விட்டார்.

கணக்கு போட்டுப் பாருங்கள். மேடை 33 அங்குலம், அதன் மேல் கேஸ் அடுப்பு 5 அங்குலம், அதன் மேல் ஆறு பேருக்கான பாத்திரம் 9 அங்குலம். பாத்திரத்தின் வாயே 47 அங்குலத்தில் நிற்கும். ஐந்தடி உயரமுள்ள பெண்ணுக்கு அது கிட்டத்தட்ட தோள்மட்டம். களி கிண்டுகிற மரத் துடுப்பு அதற்கும் மேலே நீட்டிக்கொண்டிருக்கும். களி கிண்டுவதில் பலம் முழுக்க மேலிருந்து கீழே அழுத்துவதில்தான் இருக்கிறது. கையைத் தோளுக்கு மேலே தூக்கிக்கொண்டு யாரால் அழுத்த முடியும்? மாவு கட்டி கட்டியாக நிற்கும், பாத்திரம் அடுப்பில் சுற்றும், மறுநாள் தோள்பட்டை வலிக்கும். இந்த ஒரு காரணத்தாலேயே புது வீட்டுக்குப் போன பிறகு களியை விட்டுவிட்டவர்களை எனக்குத் தெரியும். சத்து, மருத்துவம் என்று ஊரே ராகிக்குத் திரும்புகிற காலத்தில் நம் பக்கத்து வீடுகளில் மேடை உயரத்தால் அது போகிறது.

சரி, தாழ்வாக இன்னொரு மேடை கட்டி அதில் ஒரு கேஸ் அடுப்பை வைத்துவிடலாமே என்று தோன்றும். அது கூடாது. அடுப்பு எப்போதும் சிலிண்டரைவிட உயரத்தில் இருக்க வேண்டும் என்பது கேஸ் கொடுப்பவர்கள் சொல்லும் பாதுகாப்பு விதி. அதனால் அடுப்பில் வேக வைப்பது ஓரிடம், கிண்டுவது ஓரிடம் என்று பிரித்துக்கொள்ளுங்கள். எங்கள் வீட்டில் அடுப்பு மேடை முடிகிற இடத்தில், சுவர் மூலையில், ஒன்றரை அடி உயரத்துக்குச் செங்கல் கட்டி மேலே ஒரு துண்டு கிரானைட் போட்டிருக்கிறோம். இரண்டடிக்கு இரண்டடி போதும். நொய் கொதித்து வெந்ததும் அத்தை கேழ்வரகு மாவைக் கூம்பாகக் கொட்டுவார், நடுவில் துடுப்புக் காம்பால் குழி போட்டு, மூடி, தீயைக் குறைத்துவிடுவார். மாவின் பச்சை வாசனை போனதும் பாத்திரத்தை இறக்கி அந்தக் கல்மேல் பிரிமணையில், அதாவது பாத்திரம் அசையாமல் தாங்குகிற வளையத்தில், வைத்துக் கிண்டுவார். இரண்டு பக்கமும் சுவர் இருப்பதால் பாத்திரம் நகராது. துடுப்பைப் பிடிக்கும் கை இடுப்புக்குப் பக்கத்தில் இருப்பதால் உடம்பின் எடை தானாக இறங்கும். கையை நனைத்துத் தொட்டால் ஒட்டக் கூடாது, அதுதான் பதம். அப்புறம் தட்டில் தண்ணீர் தடவி உருண்டை. அடுப்பிலிருந்து அந்தக் கல்லுக்கு ஓரெட்டு எடுத்து வைத்தால் போதும் என்கிற தூரம்தான் இருக்க வேண்டும். நடுவே வாசற்படியோ கதவோ வரக் கூடாது. கொதிக்கிற பாத்திரத்தைத் தூக்கிக்கொண்டு யாரும் படி தாண்டக் கூடாது.

அந்தக் கல் மற்ற நேரத்தில் சும்மா இருக்காது. நான் உட்கார்ந்து கீரை ஆய்வது அங்கேதான். அத்தை கீரை கடைவதும் அங்கேதான்.

அடுத்தது தண்ணீர். மாடுலரைவிட நூறு மடங்கு முக்கியம், பூச்சு முடிந்துவிட்டால் மாற்றவும் முடியாது. தருமபுரி, கிருஷ்ணகிரி என்று நம் இரண்டு மாவட்டங்களிலும் பல ஊர்களில் போர் தண்ணீரில் ஃபுளோரைடு அதிகம். பழுப்பேறிய பற்களை நம் ஊர்ப் பள்ளிக்கூடங்களில் பார்த்திருப்பீர்கள். அதற்காகத்தான் ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டமே வந்தது. ஜப்பான் கடனுதவியில் கட்டி 2013-இல் தொடங்கி வைத்தார்கள். இந்திய தரக் கட்டுப்பாட்டின்படி குடிநீரில் லிட்டருக்கு 1 மில்லிகிராம் வரை ஃபுளோரைடு இருக்கலாம், வேறு வழியே இல்லை என்றால் 1.5 வரை. தண்ணீரைக் கொதிக்க வைத்தால் ஃபுளோரைடு போகாது. நீர் ஆவியாகிக் குறையும், அது அப்படியே நிற்கும். சாதாரண கேண்டில் ஃபில்டரும் பிடிக்காது, ஆர்.ஓ. பிடிக்கும். குடிக்க மட்டும் கேன் தண்ணீர் வாங்கிவிட்டு, சோறும் குழம்பும் களியும் போர் தண்ணீரிலேயே வைக்கிற வீடுகள் நிறைய. களியில் பாதிக்கு மேல் தண்ணீர்தானே, அது வயிற்றுக்குள் போகாமல் எங்கே போகும்?

அதனால் சிங்க்கில் இரண்டு குழாய் வையுங்கள். ஒன்றில் ஒகேனக்கல் தண்ணீர், சமைக்கவும் குடிக்கவும். மற்றொன்றில் போர் தண்ணீர், பாத்திரம் கழுவ. இரண்டுக்கும் மாடியில் தனித்தனித் தொட்டி, தனித்தனி பைப். ஒகேனக்கல் தண்ணீர் எந்நேரமும் வராது, முறை வைத்துத்தான் விடுவார்கள். ஆகவே அந்தத் தொட்டி உங்கள் ஆறு பேருக்கும் இரண்டு மூன்று நாள் தாங்குகிற அளவுக்கு இருக்கட்டும். பருப்பு வேகிறதா இல்லையா என்பதும் இதில்தான் இருக்கிறது. உப்புத் தண்ணீரில் துவரம்பருப்பு எத்தனை விசில் வைத்தாலும் கல்லு கல்லாகவே கிடக்கும். உங்கள் போர் தண்ணீர் எப்படி என்று தெரிய வேண்டுமானால் குடிநீர் வடிகால் வாரியத்தின் மாவட்டப் பரிசோதனைக் கூடத்தில் கொடுத்துப் பாருங்கள். ஆர்.ஓ. போட்டால் அதில் கழிந்து போகும் நீரை வீடு துடைக்கப் பயன்படுத்தலாம். சமையலுக்கோ மாட்டுக்கோ வேண்டாம், பிரித்தெடுத்த உப்பும் ஃபுளோரைடும் அதில்தான் சேர்ந்திருக்கும்.

மேடைக்குக் கல் வாங்குவதில் நமக்குக் கொடுப்பினை. கிருஷ்ணகிரியைச் சுற்றிக் கிரானைட் குவாரியும் அறுக்கிற ஃபேக்டரியும் இருப்பதால் மேடைக்கு முழுப் பலகை வாங்குகிறபோது அலமாரிக்கும் ஜன்னல் திட்டுக்கும் துண்டுக்கல் கேளுங்கள், விலை நன்றாகக் குறையும். மேடைக்குக் கடப்பா கல் மட்டும் வேண்டாம். அது சுண்ணாம்புக்கல் வகை, புளித்தண்ணீரும் எலுமிச்சையும் பட்ட இடம் வெளுத்துப் போகும். காரக்குழம்பு கொதிக்காத நாளே இல்லாத வீட்டில் ஒரு வருடத்தில் மேடை முழுக்கத் திட்டுத் திட்டாகிவிடும். அலமாரித் தட்டுக்கு அதுவே தாராளம். கருப்புக் கிரானைட் பார்க்க அழகு, ஆனால் போர் தண்ணீர் காய்ந்தால் வெள்ளை வெள்ளையாகப் படியும், துடைத்துக்கொண்டே இருக்க வேண்டும். பொடிப்பொடிப் புள்ளி உள்ள சாம்பலோ பழுப்போ எடுங்கள், ஒன்றும் தெரியாது.

பின்வாசலில் ஒரு திண்ணை கட்டாயம் வேண்டும். மார்கழி தையில் அவரைக்காய் மூட்டையாக வந்து இறங்கும்போதுதான் அதன் அருமை தெரியும். கொட்டை உரிப்பதும், ஊற வைத்துப் பிதுக்குவதும் ஒரு ஆளால் ஆகிற வேலையா? எங்கள் வீட்டில் சாயங்காலம் மாமா ஒரு பக்கம், பிள்ளைகள் ஒரு பக்கம், நடுவே முறம். கைபேசியைக் கீழே வைக்கச் சொல்லி யாரும் யாரையும் திட்ட வேண்டியதில்லை, இரண்டு கையும் பிசுபிசுவென்று இருக்கும். பிதுக்குப் பருப்புக் குழம்பும் களியும் என்றால் என் வீட்டுக்காரர் கடையை அரை மணி முன்னதாகவே மூடிவிட்டு வந்துவிடுவார். மாசி பங்குனியில் புளி தட்டிக் கொட்டை எடுப்பதும், வைகாசியில் ஊறுகாய்க்கு மாங்காய் நறுக்குவதும் அதே திண்ணையில்தான். ஒன்றரை அடி உயரம், மேலே கூரை, பக்கத்தில் ஒரு குழாய், ஒரு லைட்.  சிம்னி வேண்டாமா என்றால், மிளகாய் தாளிக்கிற பக்கம் பெரிய ஜன்னலும் ஒரு எக்ஸாஸ்ட் ஃபேனும் எனக்குப் போதுமாக இருக்கிறது.

சாமான் வைக்க இடம்: கேழ்வரகு தானியமாக இருந்தால் வருடக்கணக்கில் கெடாது, மாவாக்கினால்தான் சீக்கிரம் கெடும். அதனால் மூட்டைக்கு மேடையடியில் ஒரு கட்டம், தரையிலிருந்து நாலு அங்குலம் தூக்கி; மில்லில் அரைத்த மாவுக்கு ஒரு டப்பா. பரண் ஒரு பக்கம் போதும், நாலு பக்கமும் போட்டால் நாலு பக்கமும் குப்பைதான் சேரும்.

அக்னி மூலை பற்றி நான் எதுவும் சொல்லப் போவதில்லை, உங்கள் மாமனார் இதற்குள் முடிவு செய்திருப்பார்.

இப்போது மாடுலர். எனக்குப் பிடிக்காது என்றில்லை. ஆனால் சிங்க்குக்கு அடியில் பிளைவுட் வைத்தால் ஈரத்தில் உப்பிப்போகும், செம்மண் பூமியில் கரையானும் வரும். எங்கள் உறவில் ஒருவர் ஒரு கம்பெனியில் இரண்டு லட்சத்துக்கு மேல் கொடுத்துப் போட்டார். சிங்க் அடிக் கதவு இரண்டாம் மழைக்கே மூட மாட்டேன் என்றது. கேட்டால் தண்ணீர் சிந்தக் கூடாதாம். சமையலறையில்! மேடையடியில் கல் தட்டு வைத்து, அலுமினியச் சட்டத்தில் கதவு போட்டுக்கொள்ளுங்கள். தட்டுகளுக்கும் கரண்டிகளுக்கும் மட்டும் ஸ்டீல் இழுப்பறை இரண்டோ மூன்றோ வாங்கி மாட்டலாம், அதில் பணம் போடுவது வீண் இல்லை.

மரவேலையை இப்போதே முடிக்க வேண்டிய அவசியமும் இல்லை. பால் காய்ச்சிக் குடிபோய் இரண்டு மாதம் சமைத்துப் பாருங்கள். உப்பு டப்பா தானாக எங்கே போய் நிற்கிறது, துடுப்பை எங்கே மாட்டுகிறார்கள் என்று பார்த்துவிட்டு அப்புறம் ஆசாரியைக் கூப்பிட்டால் போதும். பூச்சு முடிவதற்குள் செய்துவிட வேண்டியவை இரண்டு பைப், கிரைண்டருக்கு ஒரு பிளக், களிக்கல்லுக்குச் செங்கல். மேஸ்திரி மறுத்தால் அத்தையை, அதாவது உங்கள் மாமியாரைப் பேச விடுங்கள்.